எட்டா, எண்பதா? - டாக்டர் கடிதங்களின் கதை

"எதுக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பாத்துடுங்க"ன்னு சொல்லி, நம்ம தெரு டாக்டர் லெட்டர்பேடுல நாலு வரி கிறுக்கிக் குடுப்பார் இல்லையா, அந்த நாலு வரியோட வரலாறுதான் இந்தப் பதிவு. ராஜா கிடையாது, போர் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. ஆனா ரெண்டு உயிர் போன கதை இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, ஒரு டீயோட உக்காந்துக்குங்க :)

முதல்ல ஒரு அடிப்படை. இந்தக் கடிதம் ரெண்டு திசையில போகும். "இவருக்கு இது பிரச்சினை, நீங்க பாத்துச் சொல்லுங்க"ன்னு குடும்ப டாக்டர்கிட்டேருந்து ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் போறது ஒண்ணு. "பாத்துட்டேன், இதுதான் நோய், இந்த மருந்து, இனிமே நீங்க பாத்துக்குங்க"ன்னு அவர்கிட்டேருந்து திரும்பி வர்றது இன்னொண்ணு. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போகும்போது குடுக்குற டிஸ்சார்ஜ் சம்மரியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மூணுக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு உண்டு. படிக்கிறவர், எழுதினவர் பக்கத்துல இருக்க மாட்டார். சந்தேகம்னா கேக்க முடியாது. பேப்பர்ல என்ன இருக்கோ அதை நம்பித்தான் மருந்து குடுக்கணும்.

நம்ம ஊர்லயே ஆரம்பிப்போம். 1693 ஆகஸ்ட், செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கம்பெனி கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு உடம்பு சரியில்லை. கோட்டை சர்ஜன் சாமுவேல் பிரவுன் முத்துப் பொடி குடுக்கச் சொல்றார். அந்தக் காலத்துல அது மரியாதையான மருந்து. அந்த முத்தை அரைச்ச கல்வத்துல அதுக்கு முன்னாடி பாஷாணம் (ஆர்சனிக்) அரைச்சிருக்காங்க, சரியா கழுவலை. வீலர் செத்துப் போறார். பிரவுன் உடனே கவர்னர் நத்தானியேல் ஹிக்கின்சனுக்கு ஒரு கடிதம் எழுதுறார். சுருக்கமான கடிதம். வீலரைக் கொன்னது நான்தான், பாஷாணம் குடுத்துட்டேன், எனக்கு என்ன தண்டனையோ குடுங்கன்னு. அவ்வளவுதான்.

இன்னொரு சர்ஜன் எட்வர்ட் பல்க்லி. அவர் வீலரோட உடலைத் திறந்து பாத்து, பாத்ததை எழுத்துல குடுத்தார். இந்தியாவுல பதிவான முதல் சட்டப்பூர்வ பிரேதப் பரிசோதனைன்னு மருத்துவ வரலாறு எழுதுறவங்க இதைத்தான் சொல்றாங்க. விசாரணைக்கு அப்புறம் பிரவுனை விட்டுட்டாங்க. அவரும் மெட்ராஸைச் சுத்தி மூலிகை சேகரிச்சு, லண்டனுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தார். அது தனிக் கதை.

ஒரே சாவு, ரெண்டு பேர் எழுதினது. பிரவுனோட கடிதத்துல மனசாட்சி இருக்கு, படிக்கும்போதே என்னமோ பண்ணும். ஆனா எவ்வளவு குடுத்தார், எப்போ குடுத்தார், விஷம் எப்படிக் கலந்துச்சுன்னு ஒரு தகவல் கிடையாது. பல்க்லி எழுதினது அதுக்கு நேர் எதிர். நான் இதைப் பாத்தேன், இப்படி இருந்துச்சு. நல்ல மனசு மட்டும் இருந்தா டாக்டர் கடிதம் நல்லா அமைஞ்சிடாதுங்கறதுக்கு 330 வருஷம் பழைய மெட்ராஸ் உதாரணம் இது.

அடுத்த நூற்றாண்டுல ஐரோப்பாவுல இந்தக் கடிதம் பெரிய தொழிலாவே ஆயிடுச்சு. எடின்பரோவுல வில்லியம் கல்லன்னு (1710-1790) பேர் போன டாக்டர். நோயாளி வெளியூர்ல இருப்பார், உள்ளூர் வைத்தியர் தபால்ல எழுதுவார், கல்லன் ஆளையே பாக்காம வைத்தியம் எழுதி அனுப்புவார். இப்படி ஆயிரக்கணக்கான கடிதங்கள். இதுல எனக்குப் பிடிச்ச தகவல் என்னன்னா, ஸ்டீம் எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட் 1780ல ஒரு நகலெடுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மை காயறதுக்கு முன்னாடி மெல்லிசான தாளை வச்சு அழுத்தினா நகல் வந்துடும். கல்லன் 1781லேருந்து அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டார். தான் என்ன எழுதினோம்னு தனக்கே ஒரு பிரதி வேணும்னு அந்த மனுஷனுக்குத் தோணியிருக்கு பாருங்க. இன்னிக்கு அந்தக் கடிதங்கள் பத்திரமா இருக்க அது பெரிய காரணம்.

இதுவரைக்கும் எல்லாம் கையால எழுதினது. அடுத்த திருப்பம் வாய். எடிசன் 1877ல ஃபோனோகிராஃப் கண்டுபிடிச்சார். அடுத்த வருஷம் அது எதுக்கெல்லாம் உதவும்னு ஒரு பட்டியல் போட்டார். அதுல முதல் இடம் பாட்டுக்கு இல்லை. சுருக்கெழுத்தாளர் இல்லாம கடிதம் சொல்லி எழுத வைக்கிறதுக்கு! 1907ல 'டிக்டாஃபோன்'ங்கற பேரை கொலம்பியா கம்பெனி பதிவு பண்ணுச்சு. டாக்டர்களுக்கு இது வரப்பிரசாதம். நோயாளியைப் பாத்து முடிச்சதும் மெஷின்ல பேசிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம். தட்டச்சு செய்ய வேற ஒருத்தர். முதல்ல அவர் அதே ஆஸ்பத்திரியோட அடித்தளத்துல உக்காந்திருந்தார். சந்தேகம்னா மாடி ஏறிப் போய் "டாக்டர், இது என்ன மருந்து சொன்னீங்க?"ன்னு கேக்கலாம். அமெரிக்காவுல இந்த வேலை செய்யறவங்க 1978ல தங்களுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க.

1990கள்ல அந்த நாற்காலி கடல் தாண்டிடுச்சு. அங்க ராத்திரி, இங்க பகல். டாக்டர் சாயங்காலம் பேசினது விடியறதுக்குள்ள டைப் ஆகி அவர் மேஜையில இருக்கும். சென்னை, பெங்களூர், ஹைதராபாத்னு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸ்கள் முளைச்சுது. அந்தக் காலத்தைப் பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், மின்கம்பத்துக்கு மின்கம்பம் 'மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி' நோட்டீஸ். நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமெல்லாம் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த ஊர்கள். லோயர், ஹையர் பாஸ் பண்ணின விரல்கள் ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. காசு வாங்கிட்டு ரெண்டே வருஷத்துல ஷட்டரைச் சாத்தின பயிற்சி நிலையங்களும் உண்டு. நல்லா நடந்த இடங்கள்ல பல பேருக்கு முதல் நல்ல சம்பளம் அங்கதான்.

வேலை எப்படி நடக்கும்னா, காதுல ஹெட்ஃபோன், காலடியில பெடல். மிதிச்சா ஓடும், விட்டா நிக்கும். கை கீபோர்டை விட்டு எடுக்கவே வேண்டாம். பக்கத்துல ஸ்டெட்மன் அல்லது டோர்லண்ட் மருத்துவ அகராதி, கூடவே மருந்துப் பேர் புத்தகம். கூலி வரிக் கணக்கு. ஒரு வரின்னா இடைவெளி உட்பட 65 எழுத்து. டைப் பண்ணினதை எடிட்டர் ஒருத்தர் ஆடியோவோட ஒப்பிட்டுப் பாப்பார். 98 சதவீதத்துக்குக் கீழ போனா திட்டு நிச்சயம். டாக்டர் சிலர் டெக்ஸஸ் உச்சரிப்பு, சிலர் பிலிப்பைன்ஸ், சிலர் நம்ம ஊர்க்காரரே. காரோட்டிக்கிட்டே பேசறவர், சிப்ஸ் மென்னுக்கிட்டே பேசறவர்னு எல்லா ரகமும் உண்டு.

ஒரே மாதிரி காதுல விழுற வார்த்தைகள்தான் பெரிய கண்ணி. ஹைப்பர்டென்ஷன்னா ரத்த அழுத்தம் அதிகம், ஹைப்போடென்ஷன்னா கம்மி. டிஸ்பேஜியான்னா முழுங்க முடியலை, டிஸ்பேசியான்னா பேச வரலை. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் கேக்கவே வேணாம். அதனால ஒழுங்கா டிக்டேட் பண்ணத் தெரிஞ்ச டாக்டர் "ஃபிஃப்டி, ஃபைவ் ஜீரோ"ன்னு எண்ணை ரெண்டு தடவை, ரெண்டு விதமாச் சொல்வார். புது மருந்துன்னா ஸ்பெல்லிங் சொல்வார். "இல்லை"ங்கற சொல்லை முழுங்காம, அழுத்திச் சொல்வார். "பென்சிலின் அலர்ஜி இல்லை"யில அந்த ஒரு சொல் விழுந்துட்டா அர்த்தம் தலைகீழ்.

டைப் பண்றவங்க பக்கத்துலயும் ஒரு தங்க விதி இருந்துச்சு. கேக்கலைன்னா ஊகிக்காதே. ஒரு கோடு போட்டு இடத்தைக் காலியா விடு, ஆடியோவுல எத்தனையாவது நிமிஷம், நொடின்னு குறிச்சு வை, டாக்டரே நிரப்பட்டும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, 'மதிப்பு இல்லை'ங்கறது வேற, 'பூஜ்யம்'ங்கறது வேற. தெரியாத இடத்தைத் தெரிஞ்ச மாதிரி நிரப்பினா அந்தத் தப்பு அங்கயே நிக்காது, கீழ வரைக்கும் ஓடும். காலியா கிடந்தா யாராவது கேப்பாங்க. தப்பா நிரம்பியிருந்தா யாருமே கேக்க மாட்டாங்க.

இந்த விதி எதுக்குன்னு உலகத்துக்குக் காட்டின வழக்கு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல அலபாமா மாநிலம். ஒரு பெண்மணி ஆஸ்பத்திரியிலேருந்து மறுவாழ்வு மையத்துக்கு மாத்தப்படறாங்க. டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியை டிக்டேட் பண்றார். அந்த ஆடியோ ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்குப் போய், அங்கேருந்து துணை ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு வந்து டைப் ஆகுது. லெவிமிர்ங்கற இன்சுலின் 8 யூனிட்னு இருக்க வேண்டியது 80 யூனிட்னு ஆயிடுச்சு. டாக்டர் அதைப் படிச்சுக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே அது மறுவாழ்வு மையத்துக்குப் போயிடுச்சு. அங்க அதையே மருந்து உத்தரவா எடுத்துக்கிட்டு 80 யூனிட் போட்டாங்க. 2008ல அந்த அம்மா இறந்துட்டாங்க. 2012 டிசம்பர்ல ஜூரி குடுத்த தீர்ப்பு 14 கோடி டாலர் இழப்பீடு.

"பாத்தீங்களா, அவுட்சோர்ஸ் பண்ணினா இப்படித்தான்"னு அப்போ பலபேர் சொன்னாங்க. எனக்கு அது பாதி உண்மைதான்னு படுது. சங்கிலியில எத்தனை கண்ணி அறுந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க. டைப் பண்ணின இடத்துல ஒண்ணு. பேசினவர் படிக்காம வெளியே போனது ரெண்டு. பத்து மடங்கு அளவைப் பாத்தும் "இது என்னங்க, 80ஆ?"ன்னு யாரும் ஒரு ஃபோன் போடாதது மூணு. மாடி ஏறிப் போய்க் கேக்கற தூரத்துல டைப்பிஸ்ட் இருந்தப்போ இயல்பா நடந்த ஒரு உரையாடல், கடல் தாண்டினதும் நின்னுபோச்சு. அந்த இடத்தை ஈடுகட்ட படிச்சுப் பாத்துக் கையெழுத்துங்கற ஒரே ஒரு தடுப்புதான் இருந்துச்சு. அதையும் அவசரத்துல தாண்டிட்டாங்க.

பூஜ்யம் பண்ற சேட்டை புதுசும் இல்லை. அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தர்ற ஜாயிண்ட் கமிஷன் 2004லயே 'எழுதக்கூடாத சுருக்கங்கள்'னு ஒரு பட்டியல் போட்டுச்சு. யூனிட்டுக்கு 'யூ'ன்னு ஒத்தை இங்கிலீஷ் எழுத்துப் போடாதே, அது பூஜ்யம் மாதிரித் தெரியும். 1.0ன்னு எழுதாதே, புள்ளி மங்கிட்டா 10 ஆயிடும். வெறும் .5ன்னு எழுதாதே, 0.5ன்னு எழுது. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி இருக்கு இல்ல? ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் யாரோ ஒரு நோயாளி இருக்கார்.

கடிதத்தோட வடிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1968ல லாரன்ஸ் வீட்ங்கற அமெரிக்க டாக்டர், மருத்துவக் குறிப்புகள் நாள்குறிப்பு மாதிரிக் கண்டபடி இருக்கக்கூடாதுன்னு எழுதினார். ஒவ்வொரு பிரச்சினைக்கும் கீழ, நோயாளி சொன்னது என்ன, நாம பாத்தது என்ன, நாம நினைக்கிறது என்ன, செய்யப்போறது என்னன்னு பிரிச்சு எழுதணும்னார். நோயாளி சொன்னதையும் டாக்டர் நினைச்சதையும் கலக்காம எழுதறது அப்போ ஒரு புரட்சிதான். 2018ல பிரிட்டன்ல மருத்துவ ராயல் கல்லூரிகளோட கூட்டமைப்பு இன்னும் ஒரு படி மேல போச்சு. கடிதத்தை இன்னொரு டாக்டருக்கு எழுதி நோயாளிக்கு நகல் அனுப்பாதீங்க, நேரா நோயாளிக்கே எழுதுங்க, டாக்டருக்கு நகல் அனுப்புங்கன்னு வழிகாட்டுதல். லத்தீன் சுருக்கம் வேண்டாம், "ஒரு நாளைக்கு ரெண்டு வேளை"ன்னே எழுதுங்கன்னு.

எழுதறது அவருக்கே புரியற பாஷையில இருக்கணும்ங்கறது தமிழுக்குப் புதுசு இல்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்ங்கற அமெரிக்க மிஷன் டாக்டர், 1860கள்லயே தமிழ்ல மருத்துவம் சொல்லிக் குடுத்து, இங்கிலீஷ் மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர்.

சரி, நம்ம பக்கம் வருவோம். சட்டம் இல்லாம இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள்ல இது தெளிவாவே இருக்கு. ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பும்போது நோயாளியோட விவரச் சுருக்கம் குடுக்கணும், ஸ்பெஷலிஸ்ட் தன் கருத்தை அனுப்பினவருக்கு எழுத்துல தெரிவிக்கணும். நோயாளி தன் மருத்துவப் பதிவைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும். 2016ல ஒரு திருத்தம், மருந்தோட பொதுப் பேரை, தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும். 2023 ஆகஸ்ட்ல புது விதிகள் வந்து, அதே மாசம் நிறுத்தி வைக்கப்பட்டு, 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்துச்சு.

நடைமுறையில? அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964லேருந்து இருக்கு. லேத் பட்டறையில வேலை செய்யற ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு வச்சுக்குவோம். முதல்ல இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி. அங்கேருந்து சீட்டு வாங்கிக்கிட்டு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. தேவைப்பட்டா அங்கேருந்து இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி. ஆவடிக்காரரா இருந்தா எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு, சென்ட்ரல்ல இறங்கி ஜி.எச். ஒவ்வொரு படியிலயும் ஒரு சீட்டு. அதை எடுத்துட்டுப் போற தபால்காரர் யாருன்னா, நோயாளியேதான். கட்டைப்பையில எக்ஸ்ரே கவர், ஈ.சி.ஜி. சுருள், அஞ்சு டாக்டர் கையெழுத்து. ஏதாவது ஒரு சீட்டு தொலைஞ்சா, இல்லை படிக்க முடியாம போனா, டெஸ்ட் எல்லாம் மறுபடி முதல்லேருந்து. ஒரு நாள் கூலியும் போச்சு.

இங்கதான் எனக்கு உறுத்துது. இதே புறநகர்ப் பிள்ளைங்க, ஒஹாயோவுல இருக்கற யாரோ ஒரு பாட்டியோட மூட்டு வலிக் கடிதத்தை, ஒரு கமா கூட விடாம, 98 சதவீதம் சுத்தமா டைப் பண்ணிக் குடுத்தாங்க. அந்தப் பாட்டியோட டாக்டர் மேஜையில காலையில அது ரெடியா இருந்துச்சு. டைப் பண்ணின பிள்ளையோட அப்பா கையில இருந்ததோ, மருந்துக்கடைக்காரர் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு துண்டுச் சீட்டு. திறமை இல்லாமலா? நிச்சயமா இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பாக்கற அரசு டாக்டருக்குப் பேசறதுக்கு ஒரு மெஷினும், அதைக் கேட்டு எழுத ஒரு ஆளும் யாரும் குடுக்கலை. அங்க அந்த வரிக்குக் காசு இருந்துச்சு. இங்க இல்லை.

இப்போ மெஷினே எழுதுது. பேச்சைக் கேட்டு எழுதற சாஃப்ட்வேர்ல பெரிய பேரான நுவான்ஸ் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் 2022ல ஏறக்குறைய 1,970 கோடி டாலருக்கு வாங்கி முடிச்சுது. டாக்டரும் நோயாளியும் பேசிக்கிறதை ஒட்டுக்கேட்டு, கடிதத்தையே தயார் பண்ணிக் குடுக்கற ஏ.ஐ. வந்தாச்சு. நம்ம நூறு நோயாளி டாக்டருக்கு இது உண்மையிலயே உதவும்னு நம்பறேன், என் தொழிலும் இதுதானே. ஆனா ஒரு விஷயம். விஸ்பர்ங்கற பேச்சுணரி மென்பொருளை 2024ல ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சாங்க. சோதிச்ச ஒலித்துண்டுகள்ல சுமார் 1 சதவீதத்துல, யாருமே பேசாத வாக்கியத்தை அதுவாவே சேர்த்து எழுதியிருந்துச்சு. பேச்சுக்கு நடுவுல மௌனம் நிறைய இருந்தா இந்தக் கோளாறு அதிகம். மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திப் பேசற ஒரு நோயாளியை இப்போ நினைச்சுப் பாருங்க.

அதாவது பெடலை மிதிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு காலியா விட்ட இடத்தை, மெஷின் அழகான இங்கிலீஷ்ல நிரப்பிடுது. வாக்கியம் சுத்தமா இருக்கறதால சந்தேகமும் வராது.

அதனால இந்த 330 வருஷக் கதையிலேருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். நல்ல டாக்டர் கடிதம்னா, எதுக்கு அனுப்பறோம்ங்கற கேள்வி முதல் வரியில இருக்கணும். பாத்ததும் நினைச்சதும் தனித்தனியா இருக்கணும். மருந்து, அளவு, வேளை மூணும் எண்ணுலயும் எழுத்துலயும் இருக்கணும். அடுத்து யார் என்ன செய்யணும்னு இருக்கணும். தெரியாத இடத்துல "தெரியலை"ன்னு இருக்கணும். கடைசியா, எழுதினது கையோ, வாயோ, மெஷினோ, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் அதைப் படிச்சிருக்கணும்.

நம்ம பங்குக்கு ஒண்ணு செய்யலாம். டாக்டர் ரூமை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி, "சார், இதுல எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளைன்னு ஒரு தடவை படிச்சுச் சொல்லிடுங்க"ன்னு கேளுங்க. பெரும்பாலானவங்க கோச்சுக்க மாட்டாங்க. கோச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, கேளுங்க. எட்டுக்கும் எண்பதுக்கும் நடுவுல நிக்கறது சில சமயம் அந்த ஒரு கேள்வி மட்டும்தான்.